அப்பாவுக்கு புராஸ்டேட் 28 கிராம்தான், அப்புறம் ஏன் யூரின் அடைக்குது?

சைஸை மட்டும் வச்சு அடைப்பைச் சொல்ல முடியாதுங்க, உங்க அப்பாவுக்கு 28 கிராம்தான்னாலும் அது எந்தப் பக்கம் வளந்திருக்குங்கறதுதான் முக்கியம். யூரின் குழாய் புராஸ்டேட்டுக்கு நடுவுலதான் போகுது, அதை ஒட்டின உள்பகுதிதான் வயசானா பெருக்கும், அதுல நடு மடல் மூத்திரப்பைக்குள்ள நீட்டிக்கிட்டா முக்க முக்க மூடி மாதிரி வாயை அடைச்சுக்கும். டாம்சுலோசின் (புராஸ்டேட் தசையைத் தளர்த்தி யூரின் போக வைக்கிற மாத்திரை) கேக்கலன்னா எனக்கு முதல்ல இந்த சந்தேகம்தான் வரும்.

ஸ்கேன் ரிப்போர்ட்ல 'மீடியன் லோப்'னு (அந்த நடு மடல்தான்) போட்டிருக்கா, எத்தன மில்லிமீட்டர் உள்ள நீட்டியிருக்குன்னு பாருங்க. 10க்கு மேலன்னா அடைப்புக்கு வாய்ப்பு ஜாஸ்தி. யூரின் போனப்புறம் பைல எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னும் பாருங்க.

ஆனா சுகரால பை பலவீனமானாலும் இதே தொந்தரவுதான் இருக்கும், அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி யூரோடைனமிக் டெஸ்ட் (பை எவ்ளோ அழுத்தத்துல யூரினைத் தள்ளுதுன்னு அளக்கறது) வேணுமான்னு யூராலஜிஸ்ட்கிட்ட கேட்டுக்கோங்க. யூரின் சுத்தமா நின்னுட்டா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.