பதினோரு சைட், ஒரே ஆவணி

அன்புள்ள சார்,

கோயம்புத்தூரில் மூன்றரை வருடமாக இன்டீரியர் ஸ்டுடியோ நடத்துகிறேன். நான், டிராயிங் போட இரண்டு பேர், சைட் பார்க்க ஒரு தம்பி. போன வருடம் வரை ஒரே நேரத்தில் நான்கு வீடு, மிஞ்சினால் ஐந்து வீடு என்று ஓடியது. இந்த வருடம் தை பிறந்ததிலிருந்து வேலை வந்துகொண்டே இருக்கிறது. முதல் வீடு கிடைக்க எட்டு மாதம் அலைந்தவள் நான். வருகிறவரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று கையில் 11 சைட். சரவணம்பட்டியில் மூன்று, வடவள்ளியில் இரண்டு, பொள்ளாச்சியில் ஒன்று, மற்றவை ஊருக்குள். அதில் ஏழு பேர் ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார்கள். இன்று ஆடி 5.

"உனக்கென்னம்மா, ஓஹோன்னு போகுது" என்கிறார்கள் எல்லோரும். போன சனிக்கிழமை கூலி கொடுக்க என் வளையலை அடகு வைத்தேன். வீட்டில் தெரியாது. இவ்வளவு வேலை இருந்தும் பணம் எங்கே போகிறதென்று எனக்கே புரியவில்லை.

ஒரு டாக்டர் கிளினிக் செய்யக் கேட்கிறார். உடனே ஆரம்பிப்பதென்றால் ஆறு லட்சம் அட்வான்ஸ் ரெடி. அதை வாங்கினால் இந்த மாதம் தப்பித்துவிடுவேன். இன்னொரு சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு எடுக்கட்டுமா? இல்லை, வங்கிக் கடனுக்குப் போகட்டுமா?

இன்னொன்று. வடவள்ளி வீட்டில் பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் வால்பேப்பர்தான் வேண்டும் என்கிறார்கள். கீழே லேசாக ஓதம் தெரிகிறது. ஒட்டலாமா?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். சைட் இருக்கும் இடங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வளையல் வரியை நீக்கலாமா என்று கேட்டபோது இருக்கட்டும் என்றீர்கள். இருக்கட்டும். இந்தத் தொழிலில் அடகுக்கடை வாசல் மிதிக்காதவர்கள் குறைவு.

டாக்டரின் ஆறு லட்சத்தை வாங்காதீர்கள். காரணம் பிறகு வருகிறது. அடுத்த சனிக்கிழமை நெருங்குகிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னுடைய ஓஹோ வருடம் 2024. சென்னையில் 9 வீடு. பிப்ரவரியில் ஆபீஸ் பலகையில் ஒன்பது வீட்டையும் வரிசையாக எழுதி, எதிரே ஆரம்பிக்கும் தேதியைப் போட்டு, போட்டோ வேறு எடுத்து வைத்துக்கொண்டேன். மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தலை அறிவித்தார்கள். அதற்கும் வார்ட்ரோபுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தேன். என் கார்பென்டர்கள் ராஜஸ்தானில் பிகானேர்க்காரர்கள். மார்ச் 25 ஹோலிக்குப் போனவர்கள், ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டே வருகிறோம் என்று ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வந்து ரம்பத்தை எடுத்தபோது ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் மேற்கு வங்கத்து மால்டாவுக்கு ரயில் ஏறினார்கள். அங்கே ஓட்டு மே 7. பெயின்டர்கள் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம். அங்கே ஏழாவது கட்டம், ஜூன் 1. இதில் ஒருவர் முடிக்காமல் அடுத்தவர் தொட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். சீலிங் ஏறாமல் சுவரை நிரவப் பட்டி பார்க்க முடியாது. பட்டி பார்த்து ஒரு கோட்டாவது அடிக்காமல் வார்ட்ரோபை நிறுத்த முடியாது.

கூலி கொடுத்தது தனிக் கூத்து. தேர்தல் நடத்தை விதி இருக்கும்போது ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஆட்களுக்குச் சனிக்கிழமை ரொக்கமாகத்தான் வேண்டும். ஆபீஸ் பையன் 45,000 ரூபாயாக மூன்று நடை போனான். மூன்றாவது நடையில் நிறுத்தி எந்தக் கட்சி என்று கேட்டார்களாம். "கட்சி இல்ல சார், கப்போர்டு" என்றிருக்கிறான்.

ஜூன் மாதம் பலகையைப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டாக ஆரம்பித்த ஒன்பது வீடும் ஒரே இடத்தில் வந்து நின்றிருந்தன. அதில் ஐந்து வீட்டில் ஆவணியில் முகூர்த்தம். அன்றுதான் என் பலகையில் முடிகிற தேதி என்று ஒரு வரிசையே இல்லை என்பது கண்ணில் பட்டது. உங்கள் பலகையிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆரம்பிக்கிற தேதியை நாம் தள்ளலாம், இழுக்கலாம். முடிகிற தேதி பஞ்சாங்கத்தின் கையில் இருக்கிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். மார்கழியிலும் மாட்டார்கள். புரட்டாசியும் பங்குனியும் பெரும்பாலான வீடுகளில் வேண்டாம். மிஞ்சுகிற மாதங்களில் தையும் வைகாசியும் ஆவணியும்தான் எல்லோருக்கும் பிடித்தவை. ஆக மாசியில் ஆரம்பித்தவரும் சித்திரையில் ஆரம்பித்தவரும் ஆனியில் ஆரம்பித்தவரும் ஒரே வாரத்தில் நம் கையைப் பிடித்து இழுப்பார்கள். கார்பென்டர் குழுவை இரண்டு மூன்றாகப் பெருக்கலாம். கடைசி வேலைக்காரர்களைப் பெருக்க முடியாது. எனக்கு நம்பிக்கையான பாலிஷ்காரர் ஒருவர், கிரானைட் வெட்டுபவர் ஒருவர், கண்ணாடிக்காரர் ஒருவர். ஆகஸ்டில் சென்னையில் சாயங்காலம் இடிமழை வேறு. ஈரக்காற்றில் மரத்துக்கு மெலமைன் பாலிஷ் போட்டால் வெளுத்துவிடும். பாலிஷ்காரர் ஜன்னலோரம் பீடியோடு உட்கார்ந்திருப்பார், வீட்டுக்காரர் நமக்குப் போன் போடுவார்.

எனவே 11 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். 11 சைட்டில் ஆவணிக்கு இரண்டு, ஐப்பசிக்கு மூன்று, கார்த்திகைக்கு இரண்டு, தைக்கு நான்கு என்று இருந்திருந்தால் நானே வாழ்த்து அனுப்பியிருப்பேன். ஒரே ஆவணிக்கு ஏழு என்பதுதான் வளையலைக் கேட்கிறது.

பணம் எங்கே போகிறதென்று கேட்டீர்கள். எங்கும் போகவில்லை, வந்து சேரவில்லை. ஒரு வீடு 14 லட்சம் என்று வையுங்கள். பிளைவுட், மைக்கா, ஹார்டுவேர், கூலி, ஆபீஸ் வாடகை, சம்பளம் எல்லாம் போக ஒன்றரை லட்சம் நின்றால் அது நல்ல வேலை. கடைசித் தவணை பத்து சதவீதம், அதாவது 1,40,000. பார்த்தீர்களா, லாபம் ஏறக்குறைய முழுவதும் கடைசித் தவணையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தவணை எதற்காக நிற்கிறது? ஒரு டிராயர் சேனல் இழுக்கிறது, ஒரு ஷட்டர் இறங்கியிருக்கிறது, கண்ணாடி வரவில்லை, லாஃப்ட் கதவுக்குக் கைப்பிடி இல்லை. சில்லறை வேலை. அதற்கு ஆள் அனுப்ப நமக்கு நேரமில்லை, ஏனென்றால் புது சைட்டில் அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம். பதினோரு வீட்டிலும் உங்கள் லாபத்தைக் கைப்பிடி வாங்கிப் போடாமல் விட்டுவைத்திருக்கிறீர்கள்.

இப்போது டாக்டரின் ஆறு லட்சம். அது ஜிஎஸ்டி உட்பட என்றால் அதில் ஏறக்குறைய 91,500 ரூபாய் 18 சதவீத வரி. நம்முடையது சேவைக் கணக்கு, எனவே அட்வான்ஸ் வாங்கியவுடனே வரி விழும். அடுத்த மாதம் 20ஆம் தேதி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வாங்கிய சரக்கின் வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் சரக்கு வாங்கினால்தானே கழிக்க? மீதி ஐந்து லட்சத்துச் சொச்சம், கிளினிக்குக்கு இன்னும் வாங்காத பிளைவுட். அதை எடுத்து வடவள்ளிக்குக் கூலி கொடுப்பீர்கள். புரட்டாசியில் கிளினிக்குக்குச் சரக்கு எடுக்கப் பதின்மூன்றாவது ஆளின் அட்வான்ஸ் வேண்டும்.

நான் அதைச் செய்தேன். 2024 ஜூலையில் பத்தாவதாக ஒரு வீடு. ரிட்டயரான டீச்சர் ஒருவர், மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். அவர் தந்த அட்வான்ஸை அப்படியே சென்னை சூளைப் பகுதியில் இருக்கும் பிளைவுட் கடை பாக்கிக்குக் கட்டினேன். மற்ற வீடுகளுக்கு எடுத்த சரக்கின் பாக்கி. அவருடைய வீட்டுக்கு எடுக்கப் போனபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே பழைய நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஆவணி முகூர்த்தத்தன்று அந்த வீட்டுப் படுக்கையறையில் ஷட்டர் இல்லாத வெறும் பெட்டிகள் நின்றன. உள்ளே புடவைகள் கட்டுக்கட்டாகத் துணிப்பையில். நான் வாசலிலேயே நின்றேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் இலையில் உட்காரவைத்தார். "விடுங்க தம்பி, வந்தவங்க சாமியக் கும்பிட வந்தாங்க, பீரோவ எண்ண வரல" என்றார். திட்டியிருக்கலாம். பாயசம் இறங்கவில்லை.

அவர் சமாதானமாகச் சொன்னது தொழில் விஷயமும்கூட. அது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. பால் பொங்க வார்ட்ரோப் தேவையில்லை. அடுப்பு வைக்க மேடை, தண்ணீர் வரும் சிங்க், பூஜை அலமாரி, பூட்டக்கூடிய வாசல்கதவு, தாழ்ப்பாள் உள்ள ஒரு பாத்ரூம், எரிகிற விளக்குகள், கூட்டிப் பெருக்கிய தரை. இவ்வளவுதான். பாதிக் குடும்பங்கள் அன்று பால் காய்ச்சிவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பிப் போய், பிள்ளைகளின் பரீட்சை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பார்த்து மெதுவாகத்தான் சாமானைக் கொண்டுவருவார்கள். அன்றிலிருந்து என் கொட்டேஷனில் இரண்டு தேதி எழுதுகிறேன். பால் காய்ச்சும் தேதி ஒன்று, குடியேறும் தேதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே நான்கு வாரம். (ஹோமத்துக்குப் பிறகு இன்னொரு கோட் பெயின்ட் எப்படியும் அடிக்கத்தான் வேண்டும். புதுச் சீலிங்கில் புகை படிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகைபோக்கியாலும் ஒன்றும் செய்ய முடியாது. மரத்தரை போட்ட வீடென்றால் பசுவும் கன்றும் வரும் வழியில் கனமான தார்ப்பாய் விரிக்கச் சொல்லுங்கள். ஒரு கன்று என்னிடம் எட்டு பலகை வாங்கியிருக்கிறது.)

ஏழு வீட்டுக்கும் நீங்களே போன் செய்யுங்கள். தம்பியைச் செய்யச் சொல்லாதீர்கள். பால் காய்ச்ச என்னென்ன தயாராக இருக்கும், மற்றவை எந்தத் தேதிக்கு என்று நேராகச் சொல்லுங்கள். ஆடி 5இல் சொன்னால் கோபப்படுவார்கள். ஆவணி 5இல் சொன்னால் சொந்தக்காரர்கள் முன்னால் கோபப்படுவார்கள். ஆவணிக்கு அவசரமில்லாத நான்கு வீட்டையும் ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். பொள்ளாச்சி அந்த நான்கில் ஒன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொள்கிறேன். அங்கே போய்த் திரும்பினால் உங்களுக்கு அரை நாள் காலி.

பிறகு 11 வீட்டில் முடியும் நிலைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஒரு கார்பென்டர், ஒரு ஹெல்பர் என்று ஐந்து நாள் சில்லறை வேலைக்கு மட்டும் விடுங்கள். நீங்களும் அங்கேயே நில்லுங்கள். கையில் பென்சிலும் மாஸ்கிங் டேப்பும் போதும். குறை இருக்கும் இடமெல்லாம் டேப் ஒட்டி, சரியாகச் சரியாகப் பிய்த்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டி வந்து அவரையே கடைசி டேப்பைப் பிய்க்கவிடுங்கள். கடைசித் தவணையை அப்போதே வாங்கிவிடலாம். இரண்டு வீடு என்றால் ஏறக்குறைய 2,80,000. உங்கள் இரண்டு மூன்று சனிக்கிழமைகள் அதில் இருக்கின்றன. டாக்டரிடம் போய்த் தேட வேண்டிய பணம் இல்லை அது, சரவணம்பட்டியிலேயே கிடக்கிறது.

டாக்டரிடம் தீபாவளி கழித்து ஆரம்பிக்கிறேன், இப்போது டிராயிங்குக்கு மட்டும் கட்டணம் கொடுங்கள் என்று கேளுங்கள். அது நீங்கள் இந்த மாதமே செய்து முடிக்கும் வேலை, அந்தப் பணத்தைத் தாராளமாகச் செலவழிக்கலாம். போய்விடுவார் என்று பயமாக இருக்கும். போகட்டும்.

சூப்பர்வைசர் இப்போது வேண்டாம். உங்கள் கை எப்படி என்று புதிதாக வருபவர் பிடித்துக்கொள்ள மூன்று மாதமாகும். அந்த மூன்று மாதமும் நீங்கள் அவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் தேடுங்கள். வங்கிக் கடனும் கூலிக்கு வேண்டாம். வளையலை அடகுக்கடையில் வைத்திருந்தால் வங்கி நகைக்கடனுக்கு மாற்றுங்கள், வட்டி குறையும். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். கை வெறுமையாக இருப்பதை உங்கள் அம்மா ஏற்கனவே பார்த்திருப்பார்.

வால்பேப்பர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அடுத்த மழைக்குள் பூஞ்சை பிடித்துக் கீழிருந்து உரிந்து வரும், பழி உங்கள் பசைமேல் விழும். வாயால் சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை அந்தச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு மறுநாள் அவர்கள் எதிரிலேயே எடுங்கள். உட்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் முதலில் பாத்ரூம் பக்கம் டைல் இடுக்கையும் பைப்பையும் பார்க்க பிளம்பரைக் கூப்பிட வேண்டும். அந்தச் செலவு உங்கள் கொட்டேஷனில் இல்லை. அதையும் ஷீட்டை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.