தேனீப் பொந்துகளைச் சுற்றும் ஊசிமூக்குப் பூச்சி கொட்டுமா? அடித்துவிடலாமா?

இங்கிலாந்தில் ஏப்ரல் மாதம், புல்தரையில் மண் தேனீக்கள் தோண்டிய பொந்துகள், அவற்றின் மேல் பழுப்பு மயிர் போர்த்த, நீண்ட ஊசிமூக்குப் பூச்சி: நீங்கள் எழுதியிருப்பது அப்படியே என் வீட்டுத் தோட்டம். முதல்முறை பார்த்தபோது நானும் வீட்டுக்குள் ஓடினேன். வீண் ஓட்டம். அது தேனீயே அல்ல, ஈ. பாம்பிலியஸ் மேஜர் என்று 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அறிவியல் பெயரிட்டது. முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பூந்தேன் உறிஞ்சும் குழல்தான், கொட்டாது. ஐயமிருந்தால் இறக்கையை எண்ணுங்கள்: தேனீக்கு நான்கு, இதற்கு இரண்டு.

ஆனால் தேனீக்கு அது நல்ல அண்டை வீட்டுக்காரர் அல்ல. பெண் ஈ முதலில் வயிற்றின் நுனியை மண்ணில் தேய்க்கும். அங்குள்ள சிறு பையில் புழுதி நிரம்பும். முட்டைகளுக்கு அந்தப் புழுதியே பூச்சு. பிறகு பொந்தின் வாயருகே, தரையில் இறங்காமல், அந்தரத்தில் நின்றபடியே முட்டைகளை ஒவ்வொன்றாகச் சுண்டி எறியும். நான் அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கருப்பாகத் தெரிகிற வேறு துளைகளிலும் எறிந்து ஏமாறுகிறது, பாவம்.

முட்டையிலிருந்து வரும் நுண்புழு தானே ஊர்ந்து தேனீயின் அறையைத் தேடிப் போகிறது. போனதும் தின்பதில்லை. தாய்த் தேனீ வைத்துவிட்டுப் போன மகரந்தத்தைத் தின்று தேனீப் புழு கொழுக்கும்வரை காத்திருக்கிறது. பிறகு தோலுரித்துத் தடித்த புழுவாகி, வெளியிலிருந்தே தேனீப் புழுவை உறிஞ்சித் தீர்க்கிறது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள். உண்மையில் அந்தப் புழு குளவிக் குஞ்சுக்கு இரை. இங்கும் அதே கதைதான்: தேனீ கட்டிய அறையிலிருந்து அடுத்த வசந்தத்தில் ஈ வருகிறது. மெல்லிய உடம்புள்ள ஈயால் மண்ணைத் தோண்ட முடியாது. தலையில் முட்கள் கொண்ட கூட்டுப்புழுவே மேலே துளைத்து வந்து, வாசலில் வெடித்து ஈயை வெளியே விடுகிறது.

அடிக்க வேண்டாம். எறியும் முட்டைகளில் பெரும்பாலானவை வீணாகின்றன. இரண்டும் காலங்காலமாகச் சேர்ந்தே வாழ்கின்றன. என் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஈயும் வருகிறது, பொந்துகளும் குறையவில்லை. புல்தரையைக் கிளறாமல் விட்டால் போதும்.