அந்தப் படத்தை ஏன் அழித்தீர்கள்?

கேள்வி: ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 29. லீவு கிடைக்கும்போதெல்லாம் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய்ப் படம் எடுக்கிறேன். வாழ்க்கையை உள்ளபடி பதிவு செய்த பெரிய ஆவணப் புகைப்படக்காரர்களின் படங்களில் உள்ள வலு என் படங்களில் வரவில்லை. கேமராவைப் பார்த்ததும் தொழிலாளர்கள் விறைத்து நிற்கிறார்கள். போன தடவை ஒரு வயதான அம்மா தன் கணவரையும் இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தி, “சேத்து ஒண்ணு எடுய்யா” என்றார். மனம் கோணக்கூடாதே என்று எடுத்துவிட்டு, பிறகு அழித்துவிட்டேன். ஃபுல் ஃபிரேம் கேமராவும் 35 எம்.எம். லென்ஸும் வாங்கினால் மாற்றம் தெரியுமா? அப்பா பி.எஃப். பணத்திலிருந்து தருவதாகச் சொல்கிறார்.
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இருப்பதே போதும். அந்தப் பணம் உங்கள் அப்பா அம்மாவின் கடைசிக் காலத்துக்கு. சம்பாதிக்கிற பிள்ளை அதில் லென்ஸ் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரே தந்தாலும் தொடாதீர்கள்.

இப்போது, போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த வரிக்கு வருகிறேன். அழித்துவிட்டீர்கள்! ஏன் தம்பி? நிற்க வைத்து எடுத்த படம், ஆவணப் படம் ஆகாது என்றா?

அவர்கள் வீட்டில் சேர்ந்து எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டீர்களா? உழைக்கிற குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் போன பிறகுதான் போட்டோ தேடுவார்கள். ரேஷன் கார்டிலோ ஆதாரிலோ உள்ள தபால்தலை அளவு முகத்தை ஸ்டுடியோவில் கொடுப்பார்கள். ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடைய சட்டையையோ ஒட்டி, பின்னால் நீலம் பூசித் தருவார். அதற்குத்தான் மாலை போடுகிறோம். கணவர் உயிரோடு பக்கத்தில் நிற்கும்போதே ஒரு படம் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். விறைப்பாக நின்றால் என்ன? சுவரில் மாட்டப்போகிற படத்துக்கு வேறெப்படி நிற்பார்கள்?

1936-இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில், பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயை அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங் படம் எடுத்தார். உலகமே அறிந்த படம் அது. பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போனது; அதற்குள் அந்தக் குடும்பம் இடம் மாறிவிட்டது. பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அப்போது அவருடைய குறைகளில் ஒன்று, படத்தின் பிரதி அனுப்புகிறேன் என்று லாங் சொன்னார், அனுப்பவே இல்லை என்பது. அத்தனை பெரிய படத்துக்கே, எடுத்தவர் பட்ட அந்தக் கடன் தீரவில்லை. கொடுக்க வேண்டிய படத்தை அழிக்க உங்களுக்கு என்ன அவசரம்?

இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1948-இல் ‘லைஃப்’ இதழுக்காக, கொலராடோவின் கிரெம்லிங் என்ற சிற்றூருக்கு, அங்கிருந்த டாக்டரைப் படமெடுக்கப் போனார். டாக்டருக்குப் பழகட்டும் என்று முதலில் கேமராவில் ஃபிலிமே போடாமல் கிளிக் செய்துகொண்டிருந்தாராம். 23 நாள் அவர் பின்னாலேயே அலைந்தார். உங்களுக்கு அவ்வளவு லீவு கிடைக்காது, சரி. ஆனால் கேட்ட படத்தை எடுத்துக் கொடுத்தால் பாதி விறைப்பு அன்றைக்கே போய்விடும். பிரிண்டோடு திரும்பி வருகிறவனை வரப்பில் உட்காரச் சொல்வார்கள். ஊர், பிள்ளைகள், கூலி என்று பேசுவார்கள். அப்புறம் உங்களை மறந்து உப்பு வாரப் போய்விடுவார்கள். நீங்கள் தேடுகிற படம் அப்போதுதான் வரும். வெயில் ஏறுமுன் போங்கள். உப்பின் வெள்ளையில் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து முகங்கள் கறுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது ஒளியை இரு மடங்காக்கி வையுங்கள்.

அதற்கு முன், அந்த மெமரி கார்டில் இனி எதையும் எடுக்காதீர்கள். மேலே புதிதாக எதுவும் பதிவாகாமல் இருந்தால் ரெக்கவரி சாஃப்ட்வேரில் படம் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் செய்து, கையில் கொண்டுபோய்க் கொடுங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். கிடைக்காவிட்டால் மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுங்கள். எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விடுங்கள். மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்போது அவர்களை எங்கே தேடுவீர்கள்? எந்த ஊர்க்காரர்கள் என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.