பவளத் தொட்டியில் மற்ற மீன்களோடு மான்டிஸ் இறால் வளர்க்கலாமா?

இறால் போலிருக்கும் இந்தக் கடல் வேட்டையாடி வளர்க்க அருமையான உயிர்தான், ஆனால் அதற்கென்று தனித் தொட்டி வேண்டும். கோமாளி மீன்கள் இருக்கும் தொட்டியில் விடாதீர்கள்.

இவற்றில் அடிக்கும் வகை, குத்தும் வகை என்று இரண்டு உண்டு. குத்தும் வகைக்கு மீன்தான் இரை, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். மீன் வளர்ப்பவர்கள் விரும்பி வாங்கும் மயில் மான்டிஸ் அடிக்கும் வகை. சுமார் 18 செ.மீ. வரை வளரும். அதன் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும். அந்த வேகத்தில் நீரில் உண்டாகும் குமிழி உடையும்போது இன்னொரு அடியும் சேர்ந்து விழும். நத்தை கிடைத்தால் தன் வளையின் வாசலுக்கு இழுத்துவந்து, திருப்பிப் பார்த்து, ஓட்டைத் தட்டித் தட்டி உடைக்கும். ஆக, பாசி தின்ன விட்ட நத்தை, துறவி நண்டு, சுத்தம் செய்யும் இறால் எல்லாமே அதற்குச் சாப்பாடு. சுறுசுறுப்பான டாம்செல் மீன் சில தொட்டிகளில் பிழைத்திருக்கிறது. ஆனாலும் உத்தரவாதம் கிடையாது.

பவளத்தை அது தின்னாது. வளை கட்டக் கற்களை நகர்த்தும்போதுதான் சின்னப் பவளத் துண்டுகள் கவிழும். அவற்றை உயரத்தில் ஒட்டிவிடுங்கள். ஒளிந்துகொள்ள அதன் உடம்பைவிட நீளமான பிவிசி குழாய் வையுங்கள். அப்புறம், பெரிய மயில் மான்டிஸின் அடியைத் தாங்கக் கண்ணாடியைவிட அக்ரிலிக் (கெட்டி பிளாஸ்டிக்) தொட்டி பாதுகாப்பு.