அரிசி மா விற்கப் பதிவு வேண்டுமா?

கேள்வி: அக்கா, வறுத்த அரிசி மா செய்து அயலவர்களுக்குக் கொடுத்து வந்தேன். இப்போது அக்கரைப்பற்றில் இரண்டு கடைக்காரர்கள் பைக்கற்றாகக் கேட்கிறார்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை இல்லாவிட்டால் பிடிப்பார்கள் என்கிறார் ஒருவர். பிரதேச சபைக்குப் போகச் சொல்கிறார் இன்னொருவர். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திருக்கோவில்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். எஸ்.எல்.எஸ். என்பது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தரும் முத்திரை. அரிசி மா விற்க அது கட்டாயமில்லை. ஆனால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டு அடுப்பையும் விட்டுவைப்பதில்லை. விற்பதற்காகச் செய்தால் அதற்குள் வந்துவிடுகிறீர்கள்.

ஆகவே முதலில் போகவேண்டிய இடம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, இடத்தை வந்து பார்க்கும்படி கேளுங்கள். எதையும் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். களுவாஞ்சிகுடியில் நான் தொடங்கியபோது, எல்லாம் கட்டி முடித்த பிறகே அவரை அழைத்தேன். புது ஜன்னல் கழிவறைப் பக்கம் திறந்தது. அதை அடைத்து, மறுபக்கச் சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. கிணற்று நீர், மூடியுள்ள குப்பை வாளி, ஜன்னல் வலை, கை கழுவும் இடம், கோழி நுழையாத கதவு எல்லாவற்றையும் பார்ப்பார். மருத்துவச் சான்றிதழும் தைபொயிட் தடுப்பூசியும் பற்றிக் கேட்பார். அவரைக் கண்டு ஒளியாதீர்கள். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்களில் அவரும் ஒருவர்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு போங்கள். பிரதேச சபை வேறு அலுவலகம். வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம் பற்றி அங்கேதான் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மழைக்காலம் வருகிறதே. ஒரு மார்கழியில், அடைமழை நாளில், வறுத்த மாவை இளஞ்சூட்டோடு பைக்கற்றில் போட்டு ஒட்டிவிட்டேன். மறுநாள் பொலித்தீனின் உட்புறம் ஊசிமுனை அளவில் நீர்த்துளிகள். பெரிதாக எடுக்கவில்லை. ஆறாம் நாள் கடைக்காரர் ஒரு பைக்கற்றைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அடியில் கல்லுப்போல ஒரு கட்டி. உடைத்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம். சூட்டோடு கட்டியவை பதினைந்துதான். ஆனால் எது அன்றையது, எது முந்தைய வாரத்தது என்று சொல்ல என்னிடம் ஓர் அடையாளமும் இல்லை. கடையில் இருந்த நாற்பது பைக்கற்றையும் திருப்பி எடுத்துக் குழி வெட்டிப் புதைத்தேன். ஒரு குழந்தையின் பிட்டுக்குள் அது போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உலுக்குகிறது.

அதனால் மாவை அகன்ற தட்டில் மெல்லிதாகப் பரப்புங்கள். ஓரம் ஆறிவிடும், நடு ஆறாது. நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு துளியும் தெரியாதபோது உடனே கட்டி ஒட்டுங்கள். மழை நாளில் இரவு முழுவதும் திறந்து வைத்தால் மா ஈரத்தைக் குடித்துவிடும்.

லேபலில் பொருளின் பெயர், கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உங்கள் பெயர், முகவரி, தொகுதி இலக்கம் (ஒரே தடவையில் செய்தவற்றுக்கு இடும் எண்) எல்லாம் இருக்கட்டும். தொகுதி இலக்கம் ஏன் என்று இனி நான் விளக்கத் தேவையில்லை. காலாவதித் திகதியை வேறொருவரின் பைக்கற்றைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சில பைக்கற்றுகளை வீட்டில் வைத்து, மாதம் ஒன்றாகத் திறந்து மணந்து பாருங்கள். உங்கள் மா எத்தனை மாதம் தாங்கும் என்று அதில் தெரியும்.

முதல் மாதம் கடைக்கு இருபது பைக்கற்றுக்கு மேல் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் கூடக் கேட்டாலும்தான்.