சிறார் வழக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பும்: பாலக்காட்டு எல்லைத் தமிழர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலரின் பதில்கள்

கொழிஞ்சாம்பாறை வாசகர்: பேரனுக்கு 16 வயது, பைக் திருட்டு வழக்கு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வது, ஐயா?

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் துப்புத் துலக்க வருபவர் அல்லர். பையன் எப்போது பள்ளியை விட்டான், வீட்டில் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவான் என்று விசாரித்து, 2 வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டியவர். நான் போன ஒரு வீட்டில், குடிகார அப்பாவை அன்று மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, பையனின் கணக்கு நோட்டை விரித்து வைத்திருந்தார்கள். அதில் கடைசித் தேதி ஏழு மாதம் பழையது. மறைக்காமல் சொல்லியிருந்தால் பாட்டியின் பொறுப்பில் விடலாம் என்று அப்போதே எழுதியிருப்பேன். பெற்றோர், பாதுகாவலர், தகுதியுள்ள வேறொருவர் என யார் பொறுப்பிலும் அதிகபட்சம் 3 ஆண்டுவரை நன்னடத்தையில் விட, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திற்கு அதிகாரம் உண்டு. பையனின் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வேலந்தாவளம் வாசகர்: நன்னடத்தை என்றால் சிறையா?

இல்லை. வீட்டில்தான் இருப்பான்.

கோபாலபுரம் வாசகர்: பிற்காலத்தில் அரசு வேலை கிடைக்குமா?

குழுமம் முடித்த வழக்கின் தீர்ப்பு எந்தத் தகுதியிழப்பையும் உண்டாக்காது என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. கொடுங்குற்றத்தில் 16 வயது நிறைந்தவரைப் பெரியவராகக் கருதி விசாரித்தால் கதை வேறு.

வாளையார் வாசகர்: எங்கள் சொந்த வீடு கோவை மாவட்டம் பொள்ளாச்சியில், வழக்கு பாலக்காட்டில். அதைக் கோவைக்கு மாற்ற முடியுமா?

விசாரணை முடிந்து இறுதி உத்தரவு வந்த பிறகே பையனைச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றலாம்.

சித்தூர் வாசகர், வக்கீல் குமாஸ்தா: தவறு. அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு விசாரணையின்போதே மாற்றச் சொல்கிறது. தமிழ்ப் பையன் மலையாளத்தில் எப்படிப் பேசுவான்?

முதல் வரியோடு நிறுத்திவிட்டீர்கள், தம்பி. அதன் கீழுள்ள வரம்புரையையும், அதாவது விதிக்கு வரம்பு கட்டும் வரியையும் படியுங்கள்; குற்ற வழக்கில் சிக்கிய சிறாரை இறுதி உத்தரவுக்குப் பிறகே மாற்றலாம் என்பது அதில்தான் இருக்கிறது. மொழிச் சிக்கல் உண்மைதான். "குற்றம் சம்மதிச்சோ?" என்று கேட்டதை, வீட்டுக்குப் போகச் சம்மதமா என்று கேட்கிறார்கள் என நினைத்துத் தலையாட்டிய பையனை நான் பார்த்திருக்கிறேன், மலையாளத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம். அதற்குத் தீர்வு வழக்கை நகர்த்துவதன்று, மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது. தேவைப்படும் இடத்தில் அவரைத் தர வேண்டியது குழுமத்தின் கடமை.

அதே வாசகர்: கேட்டால் தருகிறார்களா?

எழுத்தில் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டது கோப்பில் ஏறாது.

நல்லேப்பிள்ளி வாசகர்: அரசு வேலைக்குத் தடையா? பையனின் படம் உள்ளூர்க் குழுவில் வந்துவிட்டது.

வேலைக்கான பதில் மேலே இருக்கிறது. படம் போட்டவருக்கு 6 மாதம்வரை சிறையோ 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். இன்றே நீக்கச் சொல்லுங்கள்.