ஐந்து யூரோவும் ஐந்து மணி நேரமும்

கேள்வி: வருகிற மே மாதம் மனைவி, 12 வயது மகனுடன் இத்தாலி போகிறேன். பதுவாவில் அறை எடுத்துத் தங்கி, ஒரே ஒரு நாள் ரயிலில் வெனிஸ் போய்வருவதாகத் திட்டம். ஊருக்குள் கால் வைக்கவே ஆளுக்கு 5 யூரோ கேட்கிறார்களாம். ஊர் என்ன பொருட்காட்சியா? சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கிற ஊர், அவர்களிடமே வாசலில் நின்று வசூல் செய்வது நியாயமா? எங்களுக்கு இருப்பது ஐந்து மணி நேரம். அதற்குள் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுங்கள்.
வாசகர், ஈரோடு

பதில்: நியாயம்தான். கட்டுங்கள்.

இந்தக் கட்டணம் 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. அந்த ஆண்டு 29 நாட்களுக்கு வசூலித்தார்கள், 2025இல் 54 நாட்களுக்கு. எல்லாமே கூட்டம் அலைமோதும் வசந்தகால, கோடைத் தொடக்க நாட்கள். அதுவும் காலை எட்டரையிலிருந்து மாலை 4 மணி வரை வருகிறவர்களுக்கு மட்டும். 2025இல் முன்கூட்டியே இணையத்தில் பதிந்தவர்களுக்கு 5 யூரோ, கடைசி மூன்று நாட்களில் பதிந்தவர்களுக்கு 10. ஊருக்குள்ளேயே இரவு தங்குகிறவர்களுக்கு இது கிடையாது. அவர்கள் விடுதிக் கட்டணத்தோடு நகராட்சிக்கு வரி செலுத்திவிடுகிறார்கள். உங்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அறை பதுவாவில், இரவுச் சாப்பாடு பதுவாவில், மதியம் திரும்பிவிடுவதால் அநேகமாக மதியச் சாப்பாடும் பதுவாவில். வெனிசுக்கு நீங்கள் கொண்டுபோவது ஆறு கால்களும் ஒரு கேமராவும். விட்டுவிட்டு வருவது குப்பை. அந்த ஊரில் குப்பை லாரி கிடையாது. ஆட்கள் தள்ளுவண்டியில் சேகரித்து, பாலங்களின் படிகளில் ஏற்றி இறக்கி, படகில் கொட்டி அனுப்புகிறார்கள். பால் பாக்கெட், சிமென்ட் மூட்டை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வருவது படகில். ஆம்புலன்சும் படகு, இறுதி ஊர்வலமும் படகில். இந்த ஊரை நடத்துகிற செலவில் உங்கள் பங்கு ஒரு தேநீர், ஒரு ரொட்டியின் விலை.

‘பொருட்காட்சியா?’ என்ற உங்கள் கேள்வியை வெனிஸ்காரர்களே கேட்டிருக்கிறார்கள். கட்டணம் தொடங்கிய அன்றே பியாத்சாலே ரோமா சதுக்கத்தில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்கள் வீட்டுக்கு நுழைவுச்சீட்டு போட்டுக் கண்காட்சி ஆக்காதீர்கள், இதனால் கூட்டமும் குறையப்போவதில்லை, எங்களுக்குக் குடியிருக்க வீடு கொடுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கும் உடன்பாடு உண்டு. விமானச் செலவு செய்து வருகிறவரை 5 யூரோ தடுத்து நிறுத்தாது. ஆனால் அவர்கள் கேட்பது ஊரைக் காப்பாற்ற. நீங்கள் கேட்பது உங்கள் 5 யூரோவைக் காப்பாற்ற. சொற்கள் ஒன்றுபோல இருப்பதால் இரண்டும் ஒரே கேள்வி ஆகிவிடாது.

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஊர் என்கிறீர்கள். அந்தப் பிழைப்பு ஊரை என்ன செய்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1951இல் அந்தத் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போனது. 1966 நவம்பர் 4 அன்று கடல்நீர் 194 செ.மீ. உயர்ந்து தரைத்தள வீடுகளையெல்லாம் நாசமாக்கியது ஒரு காரணம். வேலைகள் தீவை விட்டு எதிரே உள்ள நிலப்பகுதிக்கு, அதாவது கரைக்கு, போனது ஒரு காரணம். இன்று முதன்மைக் காரணம், வாரக் கணக்கில் பயணிகளுக்கு விட்டால் கிடைக்கிற வாடகையை உள்ளூர்க் குடும்பம் ஒன்றால் கொடுக்க முடியாது என்பது. ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில் சான் பார்த்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 2008 முதல் அதன் ஜன்னலில் ஓர் எண்பலகை. மிச்சமிருக்கிற குடிமக்களின் எண்ணிக்கையை அது காட்டும். நீங்கள் கேட்ட பட்டியலில் முதல் வரி இதுதான். மகனையும் அங்கே நிறுத்திக் காட்டுங்கள்.

ஐந்து மணி நேரத்துக்கான மற்ற வரிகளை நான் தரப்போவதில்லை. காலை பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குத் திரும்புகிறவர்கள்தான் அந்த ஊரை மூச்சுத் திணற வைக்கிறார்கள். எல்லோரும் ஒரே வழியில், ஒரே நேரத்தில், ஒரே மூன்று இடங்களுக்கு நடக்கிறார்கள். ஒரு முழு நாள் கொடுங்கள். விடிந்ததும் கிளம்பி இரவு திரும்புங்கள். பதுவாவிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான், இரவு நெடுநேரம் வரை ரயில் உண்டு.

ரயில் பற்றிச் சிலது. உள்ளூர் ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். ‘வெனேசியா மெஸ்த்ரே’ என்று பலகை வரும்போது இறங்கிவிடாதீர்கள், அது கரையில் இருக்கிற ஊர். அதற்கு அடுத்துத்தான் காயல் தொடங்கும். இருபுறமும் தண்ணீர், நடுவே ரயில். இந்தப் பாலம் 1846இல், ஆஸ்திரியர் ஆட்சியில் திறக்கப்பட்டது. அதுவரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெனிசுக்குத் தரைவழி கிடையாது. கார் வரும் பாலம் 1933இல்தான் வந்தது. கடைசி நிலையத்தின் பெயர் சாந்தா லூசியா. அந்தப் பெயரில் அங்கிருந்த தேவாலயத்தை 1861இல் நிலையத்துக்காக இடித்தார்கள். புனிதையின் உடல் சற்றுத் தள்ளி சான் ஜெரேமியா தேவாலயத்தில் இருக்கிறது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரயில் உங்களை வெனிசின் கொல்லைப்புறத்தில் இறக்கிவிடுகிறது. அந்த நகரம் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டது. சான் மார்க்கோ கரையில் நிற்கிற இரண்டு பெரிய தூண்கள்தான் அதன் தலைவாசல். ஒன்றின் மேல் சிறகுள்ள சிங்கம், மற்றதன் மேல் புனித தெயோதோரோ. அயல்நாட்டுத் தூதர்களும் சரக்குக் கப்பல்களும் வந்து இறங்கிய கரை அது. அதனால் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கூட்டத்தோடு இடப்பக்கம் திரும்பாமல், எதிரே படித்துறையில் 1ஆம் எண் வாப்பரெத்தோவில், அதாவது ஊர்ப்படகில், ஏறுங்கள். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. விலை அதிகம்தான். உள்ளூர்க்காரர்கள் இதில் ஒரு சிறு பங்குதான் கொடுக்கிறார்கள், அது முறைதான். இந்த ஒரு தடவை மட்டும் செலவு செய்யுங்கள். கிராண்ட் கனால் எனும் 3.8 கி.மீ. பெருங்கால்வாய் முழுவதையும், மாளிகைகளின் முகப்புகளை அவை பார்க்கப்பட வேண்டிய இடமான தண்ணீரிலிருந்தே பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் சான் சக்கரியா துறையில் இறங்கலாம். முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம்.

சான் மார்க்கோ சதுக்கத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம், புறாவுக்குத் தீனி போட்டாலும் அபராதம். பிறகு எல்லோரும் மேற்கே போவார்கள். நீங்கள் கிழக்கே கஸ்தெல்லோ பக்கம் நடங்கள். கரிபால்தி வீதி அகலமாக இருப்பதைக் கண்டு வியப்பீர்கள். அது நெப்போலியன் காலத்தில் தூர்த்து வீதியாக்கிய கால்வாய். சந்துகளில் வீட்டுக்கு வீடு கொடி கட்டித் துணி காய்கிறது. பாட்டிகள் காய்கறி வண்டியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு பாலம் ஏறுகிறார்கள். ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். பாலத்தின் நடுவே படமெடுக்க நின்றுகொண்டு அந்தப் பாட்டியை நிறுத்தாதீர்கள். வலப்பக்கமாக நடப்பது ஊர் வழக்கம்.

‘காம்போ’ என்கிற ஒவ்வொரு சிறு சதுக்கத்தின் நடுவிலும் செதுக்கிய கல்லில் ஒரு கிணற்று வாய் இருக்கும். தயவுசெய்து அதன் முன் சற்று நில்லுங்கள். படம் எடுத்துவிட்டுக் கடந்துபோகிற பொருள் அல்ல அது. நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. தோண்டினால் உப்புநீர். அதனால் சதுக்கத்தின் அடியில் பெரும் பள்ளம் வெட்டி, உப்புநீர் கசிந்து வராதபடி களிமண்ணால் மெழுகி, மணலால் நிரப்பினார்கள். நடுவில் செங்கல் உறை. சதுக்கத்தின் தளம் லேசாகச் சரிந்திருக்கும், ஆங்காங்கே துளையிட்ட கற்கள் இருக்கும். மழைநீர் அவற்றின் வழியே மணலில் இறங்கி, வடிகட்டி, உறைக்குள் ஊறும். மழையை நம்பியே ஒரு பெருநகரம் நூற்றாண்டுக் கணக்கில் குடித்து வாழ்ந்தது. 1884இல் கரையிலிருந்து குழாய்நீர் வந்தது, கிணறுகளுக்கு மூடி போட்டார்கள். பின்னர் கரையில் மார்கேராவின் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் நகரமே சில அங்குலம் அமிழ்ந்தது. 1970களில்தான் அதை நிறுத்தினார்கள். இன்று காயலின் மூன்று கடல்வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள், நீர் உயரும்போது அவை எழும்பித் தடுக்கின்றன. 2020 அக்டோபர் 3 அன்று முதன்முதலாக வேலை செய்தன. அதற்கு முந்தைய ஆண்டு வெள்ளம் 187 செ.மீ. தொட்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பட மெனு மாட்டிய உணவகங்கள் வேண்டாம். ‘பாக்கரோ’ என்ற சிறு கடைகளில் ‘சிக்கெத்தி’ எனும் சின்னச் சின்னப் பண்டங்களை நின்றபடியே சாப்பிடலாம். சைவராக இருந்தால் கவனம். ரொட்டித் துண்டின் மேல் வெண்மையாக வெண்ணெய்போல இருப்பது பெரும்பாலும் மீன். குடிநீருக்குப் பாட்டில் வாங்க வேண்டாம், தெருக்குழாய்த் தண்ணீர் நல்லது. கொந்தோலா எனும் துடுப்புப் படகு 30 நிமிடத்துக்கு 90 யூரோ. அது படகுக்கான கட்டணம், தலைக்கு அல்ல. அவ்வளவு செலவழிக்க மனமில்லையென்றால் ‘த்ரகெத்தோ’ எனும் துறைப்படகு 2 யூரோவுக்குப் பெருங்கால்வாயைக் கடத்திவிடும். மகனுக்கு அது போதும்.

நாலு மணிக்கு மேல் ஊர் மெல்லக் காலியாகும். அப்போது நிலையத்தை நோக்கி நடந்தே வாருங்கள். வழியில் கெத்தோ. 1516இல் யூதர்களை இங்கேதான் அடைத்து, இரவில் வாயிலைப் பூட்டினார்கள். உலகமெங்கும் ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வழங்குகிற ‘கெட்டோ’ என்ற சொல்லே இந்த இடத்தின் பெயர்தான். பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மாடிமேல் மாடியாக எழும்பிய வீடுகள், ஊரின் மற்ற பகுதிகளில் இவ்வளவு உயரம் இல்லை. 1797இல் பிரெஞ்சுப் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் அகற்றப்பட்டன. இருட்டும் வரை அந்தச் சதுக்கத்தில் உட்காருங்கள், பெஞ்சுகள் இருக்கின்றன.

கட்டண நாட்களின் அட்டவணையை நகராட்சி இணையத்தில் வெளியிடும். உங்கள் தேதி அதில் இருந்தால் முன்கூட்டியே கட்டி, கியூஆர் கோடைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். 14 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, மகனின் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அந்த மருந்துக்கடை ஜன்னலில் அன்று என்ன எண் இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.